அட்டாலியில் கிடக்கும் ரிக்கார்டு: அக்கா சொல்லும் பக்குவம்

கண்ணு, போன வாரம் போனில் கேட்டாயே, "அக்கா, மாமனார் வீட்டு அட்டாலியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய ரிக்கார்டு கிடக்குது, இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் கேக்குறார், போட்டுடட்டுமா?" என்று. போடாதே. நான் வந்து பார்க்கும் வரைக்கும் அந்தப் பெட்டியை உன்னைத் தவிர யாரும் இழுக்கவும் வேண்டாம். அதற்குள் நீயே பார்த்துப் பிரித்துவைக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, எல்லாவற்றையும் எழுதுகிறேன். பின்னால் நீயே கடையில் தேடி வாங்கப் போனாலும் உதவும். பள்ளிபாளையத்திலும் ஈரோட்டிலும் பழைய சாமான் கடைகளில் பதினைந்து வருடமாகக் குனிந்து தேடியதில் கற்றுக்கொண்டது இது.

நம் பக்கத்து வீடுகளில் இவ்வளவு ரிக்கார்டு எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள். எல்லா வீட்டிலும் கிராமபோன் இருந்ததில்லை. ஆனால் எல்லா ஊரிலும் ஒரு மைக் செட்டுக்காரர் இருந்தார். மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, சீர், கல்யாணம், கட்சிக் கூட்டம், எது நடந்தாலும் பனை உயரத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியற்காலையிலேயே பாட்டு போட்டுவிடுவார். அவரிடம் இரண்டு மூன்று பெட்டி ரிக்கார்டு இருக்கும். 1980-களில் கேசட் வந்த பிறகு அந்தப் பெட்டிகள் அட்டாலிக்கு ஏறின. அவர் காலம் முடிந்ததும் பிள்ளைகள் வீடு மாற்றும்போது இரும்புக் கடைக்குப் போயின. அதனால் பழைய சாமான் கடையில் நீ பார்க்கும் ரிக்கார்டுகளில் பெரும்பங்கு ஒரு மைக் செட்டுக்காரர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. உன் மாமனாரின் அப்பாவும் மைக் செட்டு வைத்திருந்தார் என்று சொன்னாய் அல்லவா, அதனால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம்.

பெட்டியைத் திறந்ததும் தட்டுகளைக் கனத்தை வைத்துப் பிரி. கனமாக, கல் மாதிரி இருந்து, வளைக்கப் பார்த்தால் வளையாமல் இருந்தால் அது அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். லேசாக வளைந்து கொடுத்தால் அது வினைல். பெரியது எல்பி, சின்னது இபி. எல்பி 33 சுற்று, இபி பெரும்பாலும் 45. லேபிளிலேயே போட்டிருக்கும், படித்துப் பார். அரக்குத் தட்டு கைதவறினால் மண்பானை போல உடையும். ஆகவே தரையில் பாய் விரித்து அதன் மேல் உட்கார்ந்து பார். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொடு. கோடுகளின் மேல் விரல் பட வேண்டாம், நம் விரலின் எண்ணெய்ப் பசையில்தான் தூசி ஒட்டும்.

அரக்கு என்றால் நிஜமான அரக்குதான். பலாச மரத்திலும் இன்னும் சில மரங்களிலும் ஒட்டி வாழும் பூச்சி சுரக்கும் பிசின். நம் நாட்டுக் காட்டு அரக்கு கப்பலேறி உலகம் முழுவதும் ரிக்கார்டாக மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இந்த அரக்குக்குத் தட்டுப்பாடு வந்து, பழைய தட்டைக் கொடுத்துப் புதியதை வாங்கும் நிலைமை இருந்தது. இந்தியாவில் 1970-ஐ ஒட்டித்தான் அரக்குத் தட்டு நின்றது. மேல்நாட்டில் அதற்கு வெகுநாள் முன்பே வினைலுக்குப் போய்விட்டார்கள். அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. 1960-களில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் பாட்டைக்கூடக் கல்கத்தா டம்டம் ஆலையில் 78 தட்டாக அழுத்தி விற்றார்கள். உலகில் பெரும்பாலான இடங்களில் அவை சின்ன வினைலில் வந்தவை. இப்போது அந்த இந்தியத் தட்டைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் அலைகிறார்கள். எனவே ஆங்கிலத்தில் பேர் இருக்கிறது, நமக்கு எதற்கு என்று எந்தத் தட்டையும் ஒதுக்காதே.

அடுத்தது, உறையை நம்பாதே. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. மைக் செட்டுக்காரர் அவசரத்தில் ஒரு தட்டை எடுத்து இன்னோர் உறையில் சொருகியிருப்பார். மேலே முருகன் படம் போட்ட உறை, உள்ளே வேறு ஏதோ. அதனால் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து இரண்டு பக்க லேபிளையும் படி. பழைய பேப்பர் உறையில் பேரே இல்லாமல் கிடப்பவற்றை முதலில் பார். கடைக்காரர்கள் படம் போட்ட அட்டை உறைகளைத் தனியாக எடுத்து விலை ஏற்றிவிடுவார்கள். காகித உறையில் இருப்பது அடுக்கின் அடியில் கிடக்கும். என் கையில் சிக்கிய நல்ல தட்டுகளில் முக்கால்வாசி அப்படிக் கிடைத்தவைதான்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் ஒரு பழைய சாமான் கடை. தராசுக்குப் பக்கத்தில் தையல் மெஷின் தலை, உடைந்த மின்விசிறி, அதற்கடியில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தால் பதினோரு அரக்குத் தட்டு. நாலு உடைந்தவை. ஈரத்தில் ஒரு லேபிள் ஊறி, கறுப்பு எழுத்தெல்லாம் வெளிறி, ஒரே ஒரு சொல் மட்டும் படிக்க முடிந்தது: "கிட்டப்பா". சேலைத் தலைப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் போட்டபோது முதலில் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல். அதற்குப் பின்னாலிருந்து, மிக உயரத்தில், தெளிவாக அந்தக் குரல் வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் அது பெரிது என்று கேள். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-ல் பிறந்தவர், 1933 டிசம்பரில் இறந்துவிட்டார். 27 வயது. தமிழில் பேசும் படம் 1931-ல்தான் வந்தது. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. நாடக மேடையில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்ட அந்தக் குரல் இன்றைக்கு ரிக்கார்டில் மட்டும்தான் இருக்கிறது. அவருடைய துணைவி கே.பி. சுந்தராம்பாளோ நம் காவிரிக்காரர். இந்த ஆறு பள்ளிபாளையத்தைத் தாண்டிக் கீழே போகிற கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர். அவர் பேர் பார்த்தால் எந்த நிலையில் இருந்தாலும் வாங்கு. எல்லோருக்கும் தெரிந்தது 1953-ல் வந்த ஒளவையாரும் 1965-ல் வந்த திருவிளையாடலும்தான். அதற்கு முன் 1930-களின் தட்டுகளில் இருப்பது இளம்பெண்ணின் குரல், ஆளே வேறு மாதிரி தெரியும்.

இங்கே இன்னொன்றையும் நினைத்துக்கொள்வேன். அதே கருங்கல்பாளையத்து வாசகசாலையில்தான் 1921 ஜூலை 31 அன்று பாரதியார் பேசினார், "மனிதனுக்கு மரணமில்லை" என்ற தலைப்பில். அடுத்த ஆறு வாரத்தில், செப்டம்பரில் இறந்துவிட்டார். நம் நாட்டில் 1902-லேயே கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடி ரிக்கார்டு எடுத்தாயிற்று. 1908-ல் கல்கத்தாவில் தட்டு அழுத்தும் ஆலையே வந்தாயிற்று. அப்படியிருந்தும் பாரதி குரலை ஒருவரும் பதிவு செய்யவில்லை. அவர் எப்படிப் பாடினார் என்று நேரில் கேட்டவர்கள் எழுதிவைத்ததுதான் நமக்கு மிச்சம். பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது வலிக்கும். பதிவாகிக் கிடக்கிற குரலையாவது நாம் தராசில் போடாமல் இருக்கலாம்.

இனி, எதை எடுப்பது, எதை விடுவது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாட்டு எல்பிகள் எல்லாக் கட்டிலும் இருக்கும். நல்லவைதான், வீட்டில் கேட்க ஒன்று வைத்துக்கொள். நாலைந்து சேர்க்காதே. இளையராஜாவின் 1980-களின் எல்பிகளுக்கு இப்போது நல்ல கிராக்கி, கடைக்காரர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. அதில் மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே.

யாரும் தொடாமல் விடுவதில்தான் புதையல் இருக்கிறது. நாதஸ்வரத் தட்டு கிடைத்தால் விடவே விடாதே. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அந்தக் காலத்தில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிடத் தட்டுக்குள் அடக்கியிருப்பார், அவசரமே தெரியாது. கல்யாணத்துக்குப் போட்டுப் போட்டுத் தேய்ந்திருக்கும், பரவாயில்லை. என்.எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவைத் தட்டுகளை "பேச்சு ரிக்கார்டு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1949-ல் வந்த நல்லதம்பி படத்தில் நந்தனார் கதையின் சாயலில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபத்தைக் கேட்டுப் பார். பள்ளிக்கூடம் போகத் துடிக்கும் ஏழைப் பையன் கதை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் கலங்கும்.

நாடக செட்டு என்று ஒன்று உண்டு. கோவலன், வள்ளி திருமணம் போன்ற முழு நாடகத்தையும் சுருக்கி ஐந்தாறு தட்டுகளில், சில சமயம் இன்னும் அதிகமாக, தொடர்ச்சியாகப் போட்டிருப்பார்கள். லேபிளில் பகுதி எண் இருக்கும். ஒன்றோ இரண்டோ உடைந்திருக்கும், மற்றதும் வீண் என்று கடைக்காரர் நினைப்பார். நீ அப்படி நினைக்காதே. மூன்றாம் பகுதி ஒரு கடையிலும் நாலாம் பகுதி இன்னோர் ஊரிலும் கிடைத்து, மூன்று வருடம் கழித்து ஒரு செட்டை முழுதாகச் சேர்த்திருக்கிறேன். திருவிளையாடல் போன்ற படங்களின் கதை வசன எல்பிகளும் அப்படித்தான். கோயில் பண்டிகையில் தருமி காட்சியை மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை அந்தத் தட்டில்தான் பாடம் படித்தது.

நம் ஜில்லாக்காரர்கள் மறக்கக் கூடாதது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், நெசவு வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். தறிக்குப் படித்தவர் சேலத்தில் சினிமா ஸ்டுடியோ கட்டினார், அதிலிருந்து நூறு படத்துக்கு மேல் வந்தன. 1950-ல் மந்திரி குமாரி, ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய ஜோடிப் பாட்டு இன்றைக்கும் பழசாகவில்லை. 1956-ல் அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழில் முழுக்க வண்ணத்தில் வந்த முதல் படம். 1961-ல் குமுதம், கே.வி. மகாதேவன் இசை. லேபிளில் பாட்டின் பேருக்குக் கீழே படத்தின் பேர் இருக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் படம் என்றால் எடுத்துவை. ஏற்காடு ரோட்டில் இன்று ஸ்டுடியோவின் வளைவு நிற்கிறது. அங்கே பிறந்த பாட்டு உன் பெட்டியில் இருக்கலாம்.

பேர் தெரியாத படம் என்றால் இன்னும் கவனம். நம் முதல் பேசும் படமான காளிதாஸே இன்று பார்க்கக் கிடைப்பதில்லை, படச்சுருள் போய்விட்டது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் கதி அதுதான். அவற்றில் மிஞ்சியது பாட்டுப் புத்தகமும் ரிக்கார்டும். கேள்விப்படாத படப் பேரைக் கண்டால் முதலில் அதை வாங்கிவிட்டு அப்புறம் விசாரி. திருப்பியும் போட்டுப் பார். ஒரு பக்கத்தில் எல்லோரும் பாடிய பாட்டு, மறு பக்கத்தில் யாரும் கேட்காத பாட்டு. மறு பக்கம் தேய்ந்திருக்காது, புதுசு போலப் பாடும்.

வாங்கும் முன் பரிசோதிக்க வேண்டியவை அதிகம் இல்லை. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடி. கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் பழைய இரும்பு முள் தின்றுவிட்டது என்று அர்த்தம், இரைச்சல் கூடுதலாக இருக்கும். நடு ஓட்டையில் ஒரு மெல்லிய குச்சியை விட்டுத் தூக்கி, விளிம்பில் நகத்தால் மெல்லத் தட்டு. நல்ல அரக்குத் தட்டு கணீரென்று சொல்லும், விரிசல் இருந்தால் ஓசை செத்துப்போகும். கீறல் மேல் நகத்தை ஓட்டு. நகம் தட்டினால் முள்ளும் தட்டும். தட்டாவிட்டால் பயமில்லை. கண்ணாடி மேஜையில் வைத்து நெளிந்திருக்கிறதா என்று பார். மற்றபடி அழுக்கைப் பார்த்துப் பயப்படாதே. அழுக்கு போகும், தேய்மானம் போகாது.

விலை பேசும்போது ஒரு தட்டைத் தனியாக எடுத்து நீட்டாதே. கட்டாகக் கேள். கடைக்காரரிடம் மரியாதையாக இரு, அவசரப்படுத்தாதே. "இனிமேல் இந்த மாதிரி வந்தா உடைக்காம எடுத்து வைங்கண்ணா, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வா. எனக்குக் கிடைத்த நல்ல கட்டுகள் எல்லாம் இந்த ஒரு வார்த்தையால் வந்தவை. அவர்களுக்கு எடை போட்டால் கிடைப்பதைவிட நாம் கூடக் கொடுக்கிறோம், அவ்வளவுதான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவும் பக்குவம். இதில்தான் நான் மனம் நொந்துபோனேன். ஆரம்பத்தில் ஒருவர் சொன்னாரென்று பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஓர் அரக்குத் தட்டைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாகிக்கொண்டே வந்தது. அழுக்கு இவ்வளவா என்று சந்தோஷமாக மறுபடி துடைத்தேன். கறுப்பு நின்றபாடில்லை. வந்தது அழுக்கு இல்லை, தட்டே கரைந்து வந்தது. மர வேலைக்காரர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே கதவுக்குப் பாலிஷ் போடுகிறார்? அது எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாதஸ்வரத் தட்டு அது, அப்புறம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட் கூடாது, ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் கூடாது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, கோடுகள் போகிற வட்டத்திலேயே துடை. குறுக்கே தேய்க்காதே. லேபிள் நனையாமல் பார்த்துக்கொள். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை துடைத்து, நிழலில் நிமிர்த்திவைத்து உலர்த்து. பளபளப்பு வரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. தடவாதே.

போடும்போது மெஷின் முக்கியம். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் வினைல் தட்டை வைத்தால் அதன் கனமான முள் ஒரே தடவையில் பாட்டை உழுதுவிடும். எல்பி பிளேயரின் முள்ளில் 78 தட்டைப் போட்டாலும் சரிவராது. 78-க்கான முள் முனை எல்பி முள்ளைப் போல மூன்று மடங்கு அகலம். தனியாக வாங்கிக்கொள். கிராமபோனின் இரும்பு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். சிக்கனம் பார்த்தால் தட்டு போய்விடும்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. பள்ளிபாளையத்துக் காற்றில் பஞ்சு பறக்கும். தறிக்குடோன் பக்கத்து வீடு என்றால் காலையில் துடைத்த மேஜை சாயந்திரம் வெள்ளையாகிவிடும். அந்தப் பஞ்சு கோட்டுக்குள் இறங்கி, முள் நுனியில் சுருண்டு, பாட்டு அமுங்கிப்போகும். கேட்டு முடித்த உடனே தட்டை உறைக்குள் போடு. முள்ளை மெல்லிய பிரஷால் பின்னிருந்து முன்னாகத் தட்டிவிடு. புது உறைக்குப் பஞ்சு உதிராத வழவழத் தாள் வாங்கு. தகரக் கூரைக்கு அடியிலும் அட்டாலியிலும் வைக்காதே, சித்திரை வெயிலில் வினைல் அப்பளமாக நெளியும். படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டில் விரிசல் விழும். புத்தகம் போலச் செங்குத்தாக, சாயாமல் நிறுத்து.

கேட்டதைக் கம்ப்யூட்டரில் பதிந்துவை. யூஎஸ்பி வசதி உள்ள பிளேயர் இருந்தால் போதும். இரைச்சலை எடுக்கிறேன் என்று முதல் பதிவிலேயே கைவைக்காதே. உள்ளது உள்ளபடி ஒரு பிரதி, சுத்தம் செய்தது வேறொரு பிரதி. லேபிளையும் போட்டோ எடு. தட்டில் லேபிளுக்கு வெளியே வழவழப்பான இடத்தில் பொறித்த எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள். எந்தத் தட்டு, எந்தப் பதிவு என்று பின்னால் கண்டுபிடிக்க அது உதவும். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் இப்படித்தான் பல்லாயிரக்கணக்கில் தட்டுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் விரல்நுனியில் வைத்திருந்தார். பழைய தமிழ்ப் படப் பாட்டின் சரித்திரத்தில் பாதி அப்படிப்பட்ட தனி ஆட்களின் வீட்டு அலமாரியில் பிழைத்ததுதான்.

உங்கள் வீட்டில் வைக்க இடமில்லை, கேட்க ஆளில்லை என்றால் எனக்குச் சொல், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போல் காப்பாற்றுகிற இடத்தைக் கேட்டுக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை தறி நின்ற பிறகு பஞ்சு அடங்கியிருக்கும், அன்றைக்குப் பெட்டியைத் திற. பழைய வேட்டித் துணி எடுத்துவை. இரும்புக் கடைக்காரர் வந்தால், பெட்டி அக்காவுடையது என்று சொல்லி அனுப்பிவிடு.